78 டிகிரியில் ஒரு வாழைப்பழம்

லாங்யியர்பியென் என்ற ஊரில் ஜனவரி மாதம் வாழைப்பழம் வாங்குகிறவர், அதைக் கோட்டுக்குள்ளே உடம்போடு அணைத்து எடுத்துப் போவதுதான் நல்லது. பையில் போட்டுக் கையில் தொங்கவிட்டபடி மைனஸ் 15 டிகிரிக் குளிரில் கால் மணி நேரம் நடந்தால், வீடு சேர்வதற்குள் தோல் மங்கிவிடும், மறுநாள் கறுத்துப்போகும். வாழை வெப்பமண்டலத்துப் பயிர். சுமார் 13 டிகிரிக்குக் கீழே அதன் செல்களின் சவ்வுகள் இறுகிக் கசியத் தொடங்குகின்றன. உள்ளே தனித்தனியாக இருந்த பீனால் சேர்மங்களும் நொதிகளும் கலந்து, ஆக்சிஜன் பட்டதும் கறுப்பு நிறமி உண்டாகிறது. நம் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்த பழத்துக்கு நேர்வதும் இதேதான். அங்கே ஊரே ஃபிரிட்ஜைவிடக் குளிர்ந்து கிடக்கிறது.

நார்வேயின் ஆளுகைக்கு உட்பட்ட ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் தலைமை ஊர் அது. வட அட்சம் 78 டிகிரி 13 நிமிடம். வட துருவம் அங்கிருந்து சுமார் 1,300 கிலோமீட்டர். 1906-ல் ஜான் மன்ரோ லாங்யியர் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் நிலக்கரி வெட்டுவதற்காக உண்டாக்கிய குடியிருப்பில் இன்று சுமார் 2,500 பேர் வாழ்கிறார்கள். அங்கிருந்து வேறெந்த ஊருக்கும் சாலை கிடையாது. 1920-ல் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தின் விளைவாக, அங்கே தங்கி வேலை பார்க்க விசா வேண்டியதில்லை; போகும் வழியில் நார்வேயைக் கடப்பதற்குத்தான் வேண்டும். அதனால் நார்வேக்காரர்களுக்கு அடுத்தபடி அங்கே அதிகம் குடியேறியவர்கள் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் நாட்டவர்கள். தென்னையும் மாமரமும் நிற்கும் ஊர்களில் வளர்ந்தவர்கள், உலகின் வடகோடியில் விடுதிகளிலும் உணவகங்களிலும் வேலை செய்து குடும்பம் நடத்துகிறார்கள்.

வெளியூர் போனவர் எதற்கு ஏங்குவார் என்று கேட்டால் சாப்பாடு, சொந்தபந்தம், தாய்மொழி என்று யாரும் சொல்லிவிடலாம். இவ்வளவு வடக்கே போனவரின் ஏக்கப் பட்டியல் வேறு மாதிரி நீள்கிறது: விடியற்காலை, காற்றின் ஈரம், மண்ணின் மணம், மர நிழல், பறவைச் சத்தம், சொந்த ஊரிலேயே பிள்ளை பெறுவது. இவற்றில் எதையும் நாம் வசதி என்று கணக்கு வைத்ததே இல்லை. சூரியன் வானத்தில் ஏறும் உயரமும் மண்ணின் வெப்பமும் சேர்ந்து நமக்குச் சும்மா தந்தவை இவை. அந்த இரண்டும் குறைந்த இடத்தில் ஒவ்வொன்றையும் மனிதர் காசு கொட்டிச் செய்ய வேண்டியிருக்கிறது. சிலவற்றைச் செய்யவே முடிவதில்லை.

முதல் வாரத்திலேயே உடம்பு உணர்ந்துவிடுவது காற்றின் வறட்சியை. சென்னையில் 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு மாலையில், ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். மைனஸ் 15 டிகிரிக் காற்று முழுக்க நிறைந்தாலும் ஒன்றரை கிராம் அளவுதான் தாங்கும். அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து 22 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் கொள்ளளவு பல மடங்கு பெருகுகிறது. உள்ளே இருக்கும் நீரோ அதே ஒன்றரை கிராம். ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. சமையலும் குளியலும் மூச்சும் அதைக் கொஞ்சம் ஏற்றிவிடும், அவ்வளவுதான். உதடு வெடிக்கிறது. மூக்கின் உட்சவ்வு காய்ந்து இரத்தம் கசிகிறது. கதவுக் கைப்பிடியைத் தொட்டால் விரல் நுனியில் சுரீரென்று மின்பொறி தெறிக்கிறது. ஈரக்காற்று உள்ள ஊர்களில் பொருள்களின் மேல் படிந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலம், சேரும் மின்னூட்டத்தை உடனுக்குடன் வடித்துவிடும். அங்கே அந்தப் படலம் இல்லை. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தே சுமார் 200 மில்லிமீட்டர்தான். சென்னைக்குக் கிடைப்பது சுமார் 1,400. கடற்காற்றின் பிசுபிசுப்பைச் சலித்துக்கொண்டே வளர்ந்தவருக்கு, அதுதான் தோலைக் காத்துவந்தது என்பது அங்கே போனபிறகு தெரியவரும்.

அடுத்தது சூரியன். லாங்யியர்பியெனில் அக்டோபர் 26 வாக்கில் மறையும் சூரியன் பிப்ரவரி 15 வாக்கில்தான் மறுபடி தொடுவானத்துக்கு மேலே வருகிறது. நடுவில் நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி இறுதிவரை நண்பகலிலும் வெளிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பிப்ரவரியில் சூரியன் எழுந்தாலும் ஊருக்குத் தெற்கே உள்ள மலை மறைத்துவிடுகிறது. மார்ச் 8 அன்றுதான் பழைய மருத்துவமனையின் மரப்படிக்கட்டில் முதல் கதிர் விழும். அன்று ஊர் முழுக்க அங்கே கூடிவிடுகிறது. பிள்ளைகள் முகத்தில் மஞ்சள் சூரியன் வரைந்துகொண்டு வந்து, கதிர் வரும் நிமிடத்துக்காகப் பாட்டும் கூச்சலுமாகக் காத்திருப்பார்கள். மேகம் மூடியிருந்தால் கதிர் தெரியாது. ஆனாலும் கூட்டம் கலையாமல் பாடும்.

இவ்வளவு ஆர்வத்துக்கும் உடற்கூற்றில் காரணம் இருக்கிறது. மனித உடம்பின் உட்கடிகாரம் சரியாக 24 மணி நேரத்துக்கு ஓடுவதில்லை. ஹார்வர்டைச் சேர்ந்த சார்லஸ் சைஸ்லரும் அவர் குழுவும் 1999-ல் வெளியிட்ட ஆய்வின்படி அது சராசரியாக 24 மணி 11 நிமிடம். தினமும் அந்தப் பத்துச் சொச்சம் நிமிடத்தைக் கழித்துச் சரிசெய்வது காலை வெளிச்சம். விழித்திரையில் பார்வைக்கு உதவும் செல்களுக்கு அப்பால், மெலனோப்சின் என்ற நிறமி கொண்ட சில நரம்புச் செல்கள் இருக்கின்றன. உருவங்களைக் காட்டுவது அவற்றின் முதன்மை வேலை அன்று. நீல வெளிச்சத்தின் அளவை அளந்து, ஹைபோதலாமஸில் உள்ள கடிகார நரம்புக்கொத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. வெயில் நேரத்தில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். மேகம் மூடிய பகலிலும் சில ஆயிரங்கள். அறை விளக்கு தருவது சில நூறுதான். கண்ணுக்கு அது போதும் என்று தோன்றும், கடிகாரத்துக்குப் போதாது. விளக்கு வெளிச்சத்தில் மட்டும் நாள் கழிப்பவருக்குத் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே தள்ளிப்போவது அதனால்தான்.

அந்தத் தீவின் கலைமான்கள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்துக்கொண்டன. ஸ்வால்பார்ட் கலைமான்களின் நடமாட்டத்தை ஆண்டு முழுவதும் பதிவு செய்த ஆய்வு ஒன்று 2005-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. முழு இருட்டுக் காலத்திலும் முழு வெளிச்சக் காலத்திலும் அவற்றின் செயல்பாட்டில் 24 மணி நேரச் சுழற்சியே காணப்படவில்லை. பசித்தால் மேய்ச்சல், வயிறு நிறைந்தால் அசைபோடல், எந்த நேரமானாலும். மனிதருக்கு அந்தச் சலுகை இல்லை. பள்ளிக்கூட மணி எட்டு மணிவாக்கில் அடித்துவிடும். கோடையில் தலைகீழ்த் தொல்லை. ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 22 வாக்குவரை சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவில் ஜன்னல் வழியே வெயில் அடிக்கும்போது, தூங்க வேண்டிய நேரம் என்று பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கறுப்புத் திரைச்சீலை அங்கே அத்தியாவசியப் பொருள்.

இருட்டு எல்லோரையும் ஒரே மாதிரி வாட்டுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. காரி லைபோவிட்ஸ் என்ற உளவியலாளர் தெற்கு நார்வே, வடக்கு நார்வேயின் திரோம்சோ, ஸ்வால்பார்ட் ஆகிய இடங்களில் குளிர்காலம் பற்றிய மனப்பாங்கை ஆராய்ந்து 2020-ல் முடிவுகளை வெளியிட்டார். வடக்கே போகப் போகக் குளிர்காலத்தை விரும்பி எதிர்கொள்ளும் மனம் கூடியிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு வாழ்க்கைத் திருப்தியும் அதிகமாக இருந்தது. விரும்பித் தங்கியவர்கள்தான் அங்கே எஞ்சியிருப்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

மனதால் ஈடுகட்ட முடியாதது வைட்டமின் டி. தோலில் அது உருவாகப் புறஊதா பி கதிர்கள் தேவை. சூரியன் தாழ்ந்து நிற்கும்போது கதிர்கள் சாய்வாக, நீண்ட தூரம் ஓசோனைக் கடந்து வரவேண்டியிருப்பதால் இவை வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 35 டிகிரிக்கு மேல் ஏறினால்தான் தோலுக்கு ஓரளவு பயன். லாங்யியர்பியெனில் ஜூன் 21 நண்பகலில்கூட அது சுமார் 35 டிகிரியோடு நின்றுவிடுகிறது. சென்னையில் ஆண்டிலேயே சூரியன் மிகத் தாழும் டிசம்பர் நண்பகலில் 53 டிகிரி. கறுத்த தோலில் உள்ள மெலனின் இந்தக் கதிர்களைத் தடுப்பதால், வெப்பநாடுகளிலிருந்து போனவர்களுக்கு இன்னும் அதிக நேரம் வெயில் வேண்டும். அங்கே அந்த வெயிலே இல்லை. மீன் எண்ணெயை நார்வேக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்துவருவது வீண் பழக்கம் அன்று.

உணவு விஷயத்தில் இந்தத் தீவு சொல்லும் கதை ஒன்று மறக்க முடியாதது. 1872 இலையுதிர்காலத்தில் வடகரையில் வேட்டைக் கப்பல்கள் பனிக்கட்டியில் சிக்கிக்கொண்டன. அவற்றிலிருந்து 17 பேர் திறந்த படகுகளில் துடுப்புப் போட்டு, கப் தோர்ட்சென் என்ற இடத்தில் ஸ்வீடன்காரர்கள் கட்டியிருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். உறுதியான வீடு, வேண்டிய எரிபொருள், குளிர்காலம் முழுவதற்கும் போதுமான டப்பா உணவு, எல்லாம் அங்கே இருந்தன. அடுத்த கோடையில் ஆள் வந்து பார்த்தபோது 17 பேரும் இறந்து கிடந்தார்கள். சோம்பிக் கிடந்து ஸ்கர்வி நோய்க்குப் பலியானார்கள் என்று நூறாண்டுக்கும் மேலாக நம்பப்பட்டது. 2008-ல் அவர்களுடைய எலும்புகளைச் சோதித்தபோது ஈயம் மிக அதிகமாக இருந்தது தெரியவந்தது. டப்பாக்களின் மூட்டுகளை ஒட்டிய ஈயப்பற்று உணவில் கலந்து, தினந்தோறும் உடம்பில் சேர்ந்திருக்கிறது. ஈய நஞ்சு நரம்புகளைத் தாக்கும், கைகால்களைச் சோரவைக்கும். சோம்பல் என்று பழிக்கப்பட்டது நோயின் அறிகுறி. கெட்டுப்போகாத உணவு என்ற அந்தக் காலத்தின் புது வசதியே அவர்களைக் கொன்றது. இறந்தவர்களின் மேல் இத்தனை காலம் கிடந்த பழியை நீக்கியதற்காகவே அந்த ஆய்வைப் பாராட்டலாம்.

இன்று கீரையும் பாலும் விமானத்திலும் கப்பலிலும் வருகின்றன. வானிலை கெட்டு விமானம் நின்றால் கடையில் காய்கறித் தட்டு காலியாகும். உள்ளூரில் பயிர் என்று எதுவும் மண்ணில் விளையாது. பள்ளத்தாக்குகளில் சுமார் 100 மீட்டர் ஆழத்துக்கும் மலைகளில் நானூறு, ஐந்நூறு மீட்டர் ஆழத்துக்கும் மண் நிரந்தரமாக உறைந்திருக்கிறது. கோடையில் மேலாக ஒரு மீட்டர் அளவு இளகும், அவ்வளவுதான். வீட்டைத் தரைமேல் வைத்தால் வீட்டின் சூடே அடியிலுள்ள பனியை உருக்கி வீட்டைச் சாய்த்துவிடும். ஆகவே எல்லாம் தூண்களின் மேல், கீழே காற்று ஓடும்படி நிற்கின்றன. குடிநீர், கழிவுநீர், சூடேற்றும் வெந்நீர் என எல்லாக் குழாய்களும் தரைக்கு மேலே, கனத்த உறை போர்த்திக்கொண்டு ஊர் நெடுகச் செல்கின்றன. குடிநீர் வருவது இஸ்டாமன் என்ற ஏரியிலிருந்து. குளிர்காலத்தில் பனிப்பாளத்துக்கு அடியிலிருந்து எடுக்கிறார்கள். வீடுகளுக்கான சூடு மின்நிலையத்திலிருந்து வருகிறது. 2023 அக்டோபர் வரை நிலக்கரியில் ஓடிய நிலையம் இப்போது டீசலில் ஓடுகிறது. அது நீண்ட நேரம் நின்றுபோனால் ஊரில் இருக்கவே முடியாது.

உறைந்த மண் பொருள்களை மேலே தள்ளவும் செய்யும். ஈரமான நுண்மண் உறையும்போது, சுற்றியுள்ள நீர் உறையும் இடத்தை நோக்கி இழுக்கப்பட்டுப் பனித்தகடுகளாகிறது. அது புதைந்த கல்லையும் மரத்தையும் தூக்கிவிடும். இளகும்போது அடியில் மண் சரிந்து நிரம்பிவிடுவதால் பொருள் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் புதைத்தது மேலே வந்துவிடும். ஊரின் சிறிய கல்லறையில் 1950-க்குப் பிறகு சவப்பெட்டிகள் புதைக்கப்படுவதில்லை. அஸ்திக் கலசத்துக்கு மட்டும் அனுமதி பெறலாம். 1918 இன்ஃபுளுயன்சாவில் இறந்த 7 இளம் தொழிலாளர்களின் கல்லறைகளை 1998-ல் ஆய்வாளர்கள் திறந்தபோது, பெட்டிகள் உறைமண்ணுக்குள் இல்லாமல் கோடையில் இளகும் மேலடுக்கிலேயே கிடந்தன. பிறப்புக்கும் அங்கே இடமில்லை. மருத்துவமனை சிறியது, கர்ப்பிணிகள் பிரசவத் தேதிக்குச் சுமார் மூன்று வாரம் முன்பே நார்வேயின் பெருநிலத்துக்குப் பறந்துவிட வேண்டும். தாய்வீட்டிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு பெண்ணுக்கு, இருக்கும் வீட்டையும் விட்டுப் புது ஊரில் காத்திருப்பது எத்தனை பாரம் என்பதை எந்த அட்டவணையும் காட்டாது.

மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கோடையின் மிகச் சூடான மாதத்தில் சராசரி வெப்பம் 10 டிகிரியை எட்டாத இடத்தில் மரங்கள் நிற்பதில்லை. அங்கே ஜூலை சராசரி சுமார் 7. துருவ வில்லோ என்ற செடி சில சென்டிமீட்டர் உயரத்தில் தரையோடு படர்கிறது, அதுவே உள்ளூர் மரவினம். மழை விழுந்ததும் நாம் மோந்து மகிழும் மண்மணத்துக்குக் காரணமான ஜியோஸ்மின், மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. உறைந்த மண்ணில் அவை உறங்குகின்றன. போதாததற்குக் குளிரில் மணப்பொருள்கள் ஆவியாவதும் குறைகிறது. காகமும் குயிலும் எழுப்பிப் பழகியவருக்கு விடியலின் அமைதியும் புதிது. ஆண்டு முழுவதும் தீவில் தங்கும் நிலப்பறவை டார்மிகன் ஒன்றுதான். பறவைகளைக் காப்பதற்காகப் பூனை வளர்க்கவும் தடை.

ஒரு வசதி மட்டும் எதிர்பார்ப்பை மீறிக் கிடைக்கிறது: இணையம். நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள்கள் அங்கிருந்து பார்த்தால் தொடுவானத்துக்கு மேல் 3 டிகிரி அளவே தெரியும். ஆனால் துருவத்தைச் சுற்றும் செயற்கைக்கோள்களின் தரவைப் பெறும் நிலையம் இங்கே இருப்பதால், 2004 முதல் கடலடி இழைவடங்கள் பெருநிலத்தோடு ஊரை இணைக்கின்றன. மணிலாவிலோ பாங்காக்கிலோ உள்ள தாயின் முகத்தைத் தெளிவாகப் பார்த்துப் பேசலாம். அதே தீவில் இன்னும் வடக்கே, இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வுநிலையம் 2008-ல் திறக்கப்பட்ட நீ-ஓலசுண்டில், நிலைமை நேர்மாறு. தொலைதூர விண்பொருள்களின் ரேடியோ அலைகளைக் கொண்டு பூமியின் சுழற்சியை அளக்கும் ஆய்வகம் அங்கே உள்ளது. அதனால் சுற்றிலும் 20 கிலோமீட்டருக்கு வைஃபை, புளூடூத் கூடாது. எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பனிக்கரடி வந்தால் யாரும் எந்தக் கட்டடத்துக்குள்ளும் ஓடிப் புகலாம் என்பதற்காகக் கதவுகளைப் பூட்டுவதில்லை. 2023 டிசம்பரிலிருந்து இந்திய விஞ்ஞானிகள் அங்கே குளிர்காலத்திலும் தங்குகிறார்கள். அருகிலுள்ள கொங்ஸ்ஃபியோர்டு நீரில் 2014-ல் இறக்கப்பட்ட 'இண்டார்க்' என்ற கண்காணிப்புக் கருவித்தொகுதியின் உருவாக்கத்தில் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு.

தமிழர்களுக்கு இந்த வாழ்க்கை முற்றிலும் அயலானதும் இல்லை. 1980-களில் இலங்கையிலிருந்து நார்வே சென்ற தமிழர்களில் பலர், அந்நாட்டின் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கேயும் வார்டோ போன்ற ஊர்களில் சுமார் இரண்டு மாதம் சூரியன் எழுவதில்லை. யாழ்ப்பாணத்து வெயிலிலிருந்து போய், குளிர்ந்த ஆலைக்குள் நின்று மீனை வகிர்ந்து அவர்கள் கழித்த குளிர்காலங்களைப் பற்றி நம் மொழியில் இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும்.

ஸ்வால்பார்ட் இப்போது பூமியின் மிக வேகமாகச் சூடாகும் இடங்களுள் ஒன்று. 1971 முதல் 2017 வரை 3 முதல் 5 டிகிரி ஏறியிருக்கிறது. அதனால் வாழ்க்கை எளிதாகிவிடவில்லை. குளிர்காலத்தில் மழை பெய்து உறைவதால் கலைமான்களால் மேய முடிவதில்லை. 2015 டிசம்பர் 19 அன்று பனிச்சரிவு ஒன்று ஊருக்குள் இறங்கி 11 வீடுகளை நொறுக்கியது. இரண்டு பேர் இறந்தார்கள். உறைமண்ணை நம்பி அடித்த தூண்கள் ஆட்டம் காண்கின்றன.

திரோம்சோவோ, பின்லாந்தின் ஓலுவோ, கனடாவின் யெல்லோநைஃபோ, வடக்கே படிக்கவும் வேலைக்கும் போகும் பிள்ளைகளுக்குப் பெட்டியில் ஊறுகாயும் பருப்புப்பொடியும் வைத்து அனுப்பும் பெற்றோர்கள் இன்னும் இரண்டு காரியம் செய்ய வேண்டும். கிளம்பும் முன்பே வைட்டமின் டி அளவைச் சோதித்து, எவ்வளவு மாத்திரை, எத்தனை மாதம் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். போய்ச் சேர்ந்ததும், மனம் சோர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இராமல், அக்டோபரிலேயே 10,000 லக்ஸ் விளக்கு ஒன்று வாங்கித் தினமும் காலையில் அரை மணி நேரம் அதன் முன்னே உட்காரச் சொல்லுங்கள். கண்நோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.